யார் நீதிபதி? போலந்தில் சிதைந்த மக்களாட்சியும் முடிவுறாத மீட்பும்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு நாட்டில் மக்களாட்சி வீழ்ந்தால், அது வீழ்ந்த நாளை வரலாற்றாசிரியர்களால் குறிப்பிட முடிந்தது. சிலி நாட்டு அதிபர் மாளிகைமீது அந்நாட்டு விமானப்படையே குண்டு வீசிய 1973 செப்டம்பர் 11, பெருவின் அதிபர் அல்பெர்தோ ஃபுஜிமோரி நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தலைநகரில் பீரங்கி வண்டிகளை நிறுத்திய 1992 ஏப்ரல் 5 ஆகியவை அத்தகைய நாள்கள். கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் நிகழ்ந்துவரும் சரிவுக்கு அப்படியொரு நாளைச் சுட்ட இயலவில்லை. தேர்தல்கள் உரிய காலத்தில் நடக்கின்றன, எதிர்க்கட்சிகள் இயங்குகின்றன, அரசைச் சாடும் நாளேடுகள் அச்சாகின்றன. ஆனால் ஆட்சியைத் தட்டிக்கேட்க வேண்டிய நீதிமன்றம், தேர்தல் அமைப்பு, பொது ஒளிபரப்பு நிறுவனம், அரசு வழக்குரைஞர் துறை ஆகியவை ஒவ்வொன்றாக ஆட்சியாளரின் கைக்குள் போய்விடுகின்றன. அப்படிப் போகும் ஒவ்வொரு படியும், பெரும்பாலும், நாடாளுமன்றத்தில் நிறைவேறி அரசிதழில் வெளியான சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம் லேன் ஷெப்பலி இதைச் சட்டவழி எதேச்சாதிகாரம் என்று அழைத்தார்; சட்டத்தையே கருவியாகக் கொண்டு அதிகாரத்தின் மீதுள்ள கட்டுப்பாடுகளை அகற்றும் முறை என்று அதை விளக்கலாம்.

இம்முறைக்கு மக்களிடம் ஏற்பு தேடித் தருவது வெகுமக்கள்வாதம். சலுகைகளை அள்ளி வழங்குவது மட்டுமே வெகுமக்கள்வாதம் ஆகிவிடாது; அது ஏறத்தாழ எல்லாக் கட்சிகளும் செய்வதுதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அரசியல் அறிஞர் யான்-வெர்னர் முல்லர் 2016இல் வெளியிட்ட நூலில் தரும் வரையறை இன்னும் கூர்மையானது: உண்மையான மக்களின் ஒரே பிரதிநிதி தானே என்று உரிமை கொண்டாடுவதுதான் வெகுமக்கள்வாதியின் அடையாளம். மேட்டுக்குடியினரைச் சாடுவது எந்த எதிர்க்கட்சியும் செய்யும் வேலை. தன்னை எதிர்ப்பவர் மாற்றுக் கருத்துடையவர் அல்லர், மக்களில் ஒருவரே அல்லர் என்று சொல்லும்போதுதான் எல்லை கடக்கப்படுகிறது. அவ்வாறு சொன்ன பிறகு, நீதிமன்றம் ஒரு சட்டத்தைச் செல்லாதென்று அறிவித்தால் அது மக்களுக்கு எதிரான சதியாகிறது. செய்தியாளர் கேள்வி கேட்டால் அவர் அந்நியக் கைக்கூலியாகிறார். தேர்தலில் தோற்றால்கூட, தோற்றது மக்கள் அல்லர், முறைதான் கெட்டுவிட்டது என்று வாதிட இடமுண்டாகிறது. 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனிலும் 2023 ஜனவரி 8 அன்று பிரேசிலியாவிலும் அரசுக் கட்டடங்களுக்குள் கூட்டம் புகுந்தபோது அதன் வாயில் இருந்தது இந்த வாதமே.

இத்தகைய ஆட்சிகளைப் பற்றி எழுதப்படும் நூல்களில் மிகப் பெரும்பாலானவை, அவை எவ்வாறு எழுந்தன என்பதையே ஆராய்கின்றன. அவை தேர்தலில் தோற்றுப்போன பின் என்ன நடக்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் குறைவு. அவ்வகையில் போலந்து அரிய நாடு. 2015 முதல் 2023 வரை எட்டு ஆண்டுகள் சட்டவழியாக நீதித்துறையைக் கலைத்துப்போட்ட ஒரு கட்சி அங்கே வாக்குச்சீட்டால் அகற்றப்பட்டது. அகற்றியவர்கள் பழைய ஒழுங்கை மீட்க முயன்றபோது, மீட்பதற்கான சட்டவழிகள் யாவும் முந்தைய ஆட்சி அமர்த்தியவர்களின் கையில் இருப்பதைக் கண்டார்கள்.

புடாபெஸ்ட் காட்டிய வழி

போலந்தின் கதைக்கு முன்னோடி ஹங்கேரி. 2010 ஏப்ரலில் அந்நாட்டுத் தேர்தலில் விக்டர் ஓர்பானின் ஃபிதெஸ் கூட்டணி 52.7 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. தொகுதிமுறையின் கணக்கால் அது 386 இடங்களில் 263 ஆக, அதாவது மூன்றில் இரு பங்குக்கும் மேலாக மாறியது. ஹங்கேரியில் நாடாளுமன்றத்துக்கு ஓர் அவைதான். அந்த அவையின் மூன்றில் இரு பங்கு இருந்தால் அரசமைப்பையே மாற்றலாம். 1989இன் மாற்றக்காலத்தில் எந்தத் தனிக்கட்சிக்கும் அத்தனை இடங்கள் கிடைக்காது என்ற நம்பிக்கையில் விடப்பட்ட இடைவெளி அது. ஓராண்டுக்குள் புதிய அரசமைப்பு நிறைவேறி, 2012 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

அதன்பின் நடந்தவற்றில் நீதிபதிகளின் ஓய்வு வயதை மட்டும் எடுத்துக்கொண்டாலே முறை விளங்கிவிடும். 70 ஆக இருந்த ஓய்வு வயது 62 ஆகக் குறைக்கப்பட்டது; மூத்த நீதிபதிகள் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வெளியேற வேண்டியதாயிற்று. இது வயது அடிப்படையிலான பாகுபாடு என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 நவம்பரில் தீர்ப்பளித்தபோது, தலைமைப் பதவிகளில் பல ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. வழக்கில் அரசு தோற்றது, நோக்கத்தில் வென்றது. 2011இல் மாற்றப்பட்ட தேர்தல் சட்டம், 2014இல் 45 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைந்த வாக்குகளைக் கொண்டே 199 இடங்களில் 133ஐ ஃபிதெஸுக்குத் தந்தது. மூன்றில் இரு பங்குக்கு வேண்டியதும் சரியாக 133தான்.

அரசமைப்புத் திருத்தத்தின் உள்ளடக்கத்தை நீதிமன்றம் ஆராயக்கூடாது, நிறைவேற்றிய நடைமுறையை மட்டுமே பார்க்கலாம் என்று 2013இல் ஹங்கேரி அரசமைப்பிலேயே எழுதிக்கொண்டது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் ஏழுக்கு ஆறு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் பிறந்த அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டின் மதிப்பை, இந்திய வாசகர்கள் இந்த இடத்தில் எடைபோட்டுப் பார்க்கலாம்.

ஒரு கட்சி, குறைந்த பெரும்பான்மை

2011இல் தேர்தலில் தோற்ற இரவில், வார்சாவிலும் ஒருநாள் புடாபெஸ்ட் வரும் என்று அறிவித்தவர் போலந்தின் சட்டமும் நீதியும் கட்சித் தலைவர் யாரோஸ்வாவ் காச்சின்ஸ்கி. அந்தக் கட்சியின் பெயர், பின்னாளில் நடந்தவற்றோடு சேர்த்துப் பார்க்கையில், எந்த அங்கதக்காரரும் கற்பனை செய்யத் தயங்கும் பெயர். காச்சின்ஸ்கியின் அரசியலை விளங்கிக்கொள்ள 2010 ஏப்ரல் 10 அன்று ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் அருகே நடந்த விமான விபத்தை விட்டுவிட முடியாது. போலந்தின் குடியரசுத் தலைவராக இருந்த அவருடைய இரட்டைச் சகோதரர் லேக் காச்சின்ஸ்கி உட்பட 96 பேர் அதில் இறந்தார்கள். அது விபத்தன்று, திட்டமிட்ட கொலை என்ற கூற்று எந்தச் சான்றாலும் நிலைநாட்டப்படாமலேயே கட்சியின் நம்பிக்கையாக ஊன்றியது. அப்போது ஆட்சியில் இருந்த டொனால்ட் டஸ்க்கின் குடிமை மேடைக் கட்சி அரசியல் எதிரி என்ற நிலையிலிருந்து துரோகி என்ற நிலைக்கு மாற்றப்பட்டது. 2015 டிசம்பரில், தம் ஆட்சியைப் பற்றி வெளிநாடுகளில் முறையிடுவோரைப் போலந்துக்காரர்களிலேயே கடைத்தரமானவர்கள் என்று காச்சின்ஸ்கி தொலைக்காட்சியில் வகைப்படுத்தினார். முல்லரின் வரையறைக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை தேவையில்லை.

2015 அக்டோபர் 25 தேர்தலில் அவருடைய கட்சி பெற்ற வாக்கு 37.6 விழுக்காடு. இடதுசாரிக் கூட்டணி, கூட்டணிகளுக்கு விதிக்கப்பட்ட 8 விழுக்காடு வரம்பைச் சிறிய இடைவெளியில் தவறவிட்டதாலும், வேறு சில சிறு கட்சிகள் 5 விழுக்காட்டை எட்டாததாலும், பதிவான வாக்குகளில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கு அவையில் இடமே கிடைக்கவில்லை. அதன் பயனாகச் செய்ம் எனப்படும் கீழவையின் 460 இடங்களில் 235 காச்சின்ஸ்கியின் கட்சிக்குப் போயின. 1989க்குப் பின் தனிக்கட்சிப் பெரும்பான்மை அமைந்தது அதுவே முதல் முறை. அதே ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அக்கட்சியின் ஆண்ட்ரே டூடா வென்றிருந்தார். ஆனாலும் ஓர்பானுக்கு இருந்த மூன்றில் இரு பங்கு இவர்களுக்கு இல்லை. அரசமைப்பைத் திருத்த முடியாது. எனவே அரசமைப்பை அப்படியே வைத்துவிட்டு, அதன் பொருளைத் தீர்மானிக்கும் நீதிமன்றத்தைக் கைப்பற்ற வேண்டியிருந்தது.

ஐந்து நாற்காலிகள்

போலந்தின் அரசமைப்புத் தீர்ப்பாயத்தில் 15 நீதிபதிகள். ஒவ்வொருவரையும் செய்ம் அறுதிப் பெரும்பான்மையால் ஒன்பது ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறது. தேர்தல் முடிவு எப்படியிருக்கும் என்பது தெரிந்துவிட்ட 2015 அக்டோபர் 8 அன்று, பதவிக்காலம் முடியவிருந்த பழைய செய்ம் ஐந்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள் மூன்று இடங்கள் அந்தச் செய்மின் காலத்துக்குள் காலியாகக்கூடியவை. இரண்டு டிசம்பரில்தான் காலியாகும், அதாவது புதிய செய்ம் நிரப்ப வேண்டியவை. அந்த இரண்டு இடங்களையும் முன்கூட்டியே பிடித்துவைத்தது குடிமை மேடையின் பேராசை. பின்னர் நடந்தவற்றை இந்தத் தவறு நியாயப்படுத்தாது. ஆனால் எதிர்த்தரப்புக்கு வேண்டிய சாக்கு இங்கேதான் கிடைத்தது என்பதை அக்கட்சியின் ஆதரவாளர்கள் சொல்ல விரும்புவதில்லை.

குடியரசுத் தலைவர் டூடா ஐவரில் ஒருவருக்கும் பதவிப் பிரமாணம் செய்துவைக்கவில்லை. புதிய செய்ம் பழைய தேர்வுகளைச் செல்லாதவை என்று தீர்மானித்து, டிசம்பர் 2 அன்று வேறு ஐவரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுள் நால்வர் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். விடிந்ததும் வெளிவந்த தீர்ப்பில் தீர்ப்பாயம் இரு தரப்புக்கும் குட்டு வைத்தது: பழைய செய்ம் தேர்ந்தெடுத்த ஐவரில் மூவர் முறையானவர்கள், அவர்களுக்குக் குடியரசுத் தலைவர் பிரமாணம் செய்துவைத்தே ஆக வேண்டும், மற்ற இருவரின் தேர்வு செல்லாது. டூடா அதைப் பொருட்படுத்தவில்லை. முறையான மூவர் வெளியே நிற்க, அவர்களுடைய இடத்தில் வேறு மூவர் அமர்ந்தார்கள். போலந்து மக்கள் இவர்களை மாற்றாள்கள் என்று பொருள்படும் பெயரால் அழைக்கலானார்கள்.

அடுத்து, தீர்ப்பாயம் இயங்கும் விதத்தையே மாற்றும் சட்டம் அதே டிசம்பரில் வந்தது. முழு அமர்வுக்குக் குறைந்தது 13 நீதிபதிகள் வேண்டும், ஒரு சட்டத்தைச் செல்லாதென்று அறிவிக்க மூன்றில் இரு பங்கு வேண்டும், வழக்குகளை வந்த வரிசையில்தான் விசாரிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. புதிய சட்டம் அரசமைப்புக்கு ஏற்றதா என்பதை, அப்புதிய சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆராய வேண்டுமா என்ற விடுகதையைத் தீர்ப்பாயம் எதிர்கொண்டது. கட்டுப்பட மறுத்து, 2016 மார்ச் 9 அன்று அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. போலந்தில் தீர்ப்பாயத்தின் தீர்ப்பு அரசிதழில் வெளியானால்தான் நடைமுறைக்கு வரும். வெளியிடுவது பிரதமரின் பொறுப்பு. முறைப்படி அமர்வு கூடாததால் இது தீர்ப்பே அன்று என்று கூறிப் பிரதமர் பியாட்டா ஷிட்வோ அதை வெளியிட மறுத்தார். ஓர் அச்சகப் பணி, ஒரு நிர்வாகச் சடங்கு என்று கருதப்பட்ட செயல் திடீரென்று மேல்முறையீட்டு அதிகாரம் ஆகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பாயத் தலைவரின் பதவிக்காலம் முடிய, ஆளுங்கட்சிக்கு இசைவான யூலியா பிஷிவெம்ப்ஸ்கா தலைமைக்கு வந்தார். அதற்குப்பின் தீர்ப்பாயத்துக்கும் அரசுக்கும் பூசல் எழவில்லை. நாடாளுமன்றத்தில் நிறைவேற்றத் துணியாத கடுமையான கருக்கலைப்புத் தடையை 2020 அக்டோபரிலும், ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் சில பிரிவுகள் போலந்து அரசமைப்புக்கு முரணானவை என்ற அறிவிப்பை 2021 அக்டோபரிலும் தீர்ப்பாயமே அளித்தது.

நீதிபதிகளை நியமிக்கும் கை

தீர்ப்பாயம் வசப்பட்டபின் மற்றவை விரைந்தன. நீதிபதிகளை நியமனத்துக்குப் பரிந்துரைக்கும் தேசிய நீதித்துறை மன்றத்தின் 25 உறுப்பினர்களில் 15 பேர் நீதிபதிகள். அதுவரை அவர்களை நீதிபதிகளே தேர்ந்தெடுத்தார்கள். 2017 டிசம்பரில் வந்த சட்டம் அத்தேர்வைச் செய்முக்கு மாற்றியது. அவ்வாண்டு ஜூலையில் மக்கள் நகரங்கள்தோறும் நீதிமன்றங்களின் முன் திரண்டபோது டூடா மூன்று மசோதாக்களில் இரண்டைத் தடுத்து நிறுத்தினார். சில மாதங்களில் தம் பெயரில் ஏறக்குறைய அவற்றையே கொண்டுவந்தார். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 65க்கு இறக்கப்பட்டது. புடாபெஸ்டின் உத்தி அப்படியே. தலைமை நீதிபதி மாவ்கொசாட்டா கெர்ஸ்டோர்ஃப், தம் ஆறாண்டுப் பதவிக்காலத்தை அரசமைப்பு உறுதிசெய்கிறது என்று கூறி, புதிய வயது வரம்பு நடைமுறைக்கு வந்த பின்னும் பணிக்கு வந்தார். இம்முறை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் காலம் தாழ்த்தாமல் 2018 அக்டோபரில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அரசு பின்வாங்கி, நீதிபதிகளை மீண்டும் பணியில் அமர்த்தியது. ஹங்கேரியில் கற்ற பாடம் ஒரு தரப்புக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

ஆனால் நீதித்துறை மன்றத்தின் வழியாக வந்த மாற்றமே நிலைத்தது. உச்ச நீதிமன்றத்தில் இரண்டு புதிய பிரிவுகள் உருவாயின. ஒன்று, நீதிபதிகளைத் தண்டிக்கும் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் ஆணைக்குப் பின்னும் அதைக் கலைக்காததால் 2021 அக்டோபர் முதல் நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ தண்டம் போலந்தின்மீது விதிக்கப்பட்டது. மற்றொன்று, சிறப்பு மறுஆய்வு மற்றும் பொது விவகாரப் பிரிவு. தேர்தல் முடிவுகள் செல்லுமா என்று அறிவிக்கும் பொறுப்பு இதற்குத் தரப்பட்டது. இப்பிரிவு சட்டப்படி அமைந்த நீதிமன்றமே அன்று என்று மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. இதற்கிடையில், ஏறத்தாழ 10 ஆயிரம் நீதிபதிகளைக் கொண்ட நாட்டில், மாற்றியமைக்கப்பட்ட மன்றத்தின் பரிந்துரையால் பதவிக்கோ பதவி உயர்வுக்கோ வந்தவர்கள் இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். விவாகரத்து, சொத்துத் தகராறு, கடன் வழக்கு, கொலை வழக்கு என்று அன்றாடம் அவர்கள் எழுதிய தீர்ப்புகள் லட்சக்கணக்கில் குவிந்தன. அவர்கள் நீதிபதிகள் அல்லர் என்றால், அத்தீர்ப்புகள் என்னவாகும்?

மக்கள் ஏன் வாக்களித்தார்கள்

இவ்வளவும் தெரிந்தே, 2019இல் அக்கட்சிக்கு 43.6 விழுக்காடு வாக்காளர்கள் மீண்டும் வாக்களித்தார்கள். அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்று சொல்வது எளிது. நகரத்துப் படித்தவர்களின் இந்த ஆறுதல் விளக்கமே காச்சின்ஸ்கிக்குப் பல ஆண்டுகள் தீனியாயிற்று. 2012இல் டஸ்க்கின் அரசு ஓய்வூதிய வயதை ஆண், பெண் இருவருக்கும் 67 ஆக உயர்த்தத் தீர்மானித்திருந்தது. கட்டடத்திலும் வயலிலும் உடலுழைப்பால் வாழ்ந்தவர்களுக்கு அது கணக்கேட்டின் சீர்திருத்தமாகத் தோன்றவில்லை. சட்டமும் நீதியும் கட்சி 2017 அக்டோபர் முதல் அதைப் பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. 2016 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தின்படி, இரண்டாவது குழந்தை முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 500 ஸ்வோட்டி (போலந்தின் நாணயம்) வழங்கப்பட்டது. 2019இல் முதல் குழந்தைக்கும் அது நீண்டது. கருவூலம் திவாலாகும் என்று பொருளியலாளர்கள் பலர் எச்சரித்தார்கள். அப்படி நேரவில்லை, குழந்தைகளின் வறுமை குறைந்தது. 1989க்குப் பிந்தைய சந்தைச் சீர்திருத்தத்தின் பலன் மேற்குப் பெருநகரங்களுக்குப் போய், இழப்பு தங்களிடம் தங்கிவிட்டதாக எண்ணிய கிழக்குச் சிற்றூர்களுக்கு, அரசு தங்களைக் கண்டுகொண்டது என்ற உணர்வு முதன்முறையாக உண்டாயிற்று. 500 ஸ்வோட்டி பணத்துக்கும் அரசமைப்புத் தீர்ப்பாயத்தின் அமர்வு எண்ணிக்கைக்கும் இடையே எதைத் தேர்வது என்ற கேள்வி அவர்கள்முன் வைக்கப்பட்டதற்கு, நலத்திட்டங்களைக் கேலி செய்த முந்தைய ஆளும் வர்க்கமும் பொறுப்பேற்க வேண்டும்.

மறுபக்கம், இந்த உணர்வைக் காய்ச்சி வெறுப்பாக்கும் வேலையைப் பொதுத் தொலைக்காட்சி செய்தது. 2016 தொடக்கத்தில் அவசரமாக நிறைவேறிய சட்டத்தால் அதன் தலைவரை அமைச்சரே நியமிக்கலானார். மாலைச் செய்தி ஆளுங்கட்சியின் மேடையாயிற்று. டஸ்க் ஜெர்மனியின் ஏவலாள் என்பது அதன் நிலையான பல்லவி. பின்னாளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி ஸ்வோட்டி பொதுப்பணம் அதற்குப் போனது. தனியார் செய்தித் தொலைக்காட்சி ஒன்று தொடர்ந்து இயங்கியதும், நகராட்சிகள் பல எதிர்க்கட்சிகளின் கையில் இருந்ததும், 2019இல் மேலவை எதிரணிக்குப் போனதுமே ஹங்கேரியைப் போல் களம் முழுமையாக மூடப்படாமல் காத்தன.

வென்றவர்களின் சங்கடம்

2023 அக்டோபர் 15 அன்று போலந்தில் 74.4 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். கம்யூனிச ஆட்சியை முடித்துவைத்த 1989 ஜூன் தேர்தலில்கூட அது 62.7தான். சட்டமும் நீதியும் கட்சியே தனிப்பெரும் கட்சியாக 194 இடங்களைப் பெற்றது. ஆனால் டஸ்க் தலைமையிலான மூன்று அணிகள் சேர்ந்து 248 இடங்களைப் பெற்று, டிசம்பர் 13 அன்று ஆட்சியமைத்தன. வெளியுலகம் கதையை இங்கேயே முடித்துக்கொண்டது. ஐரோப்பிய ஆணையம் 2024 பிப்ரவரியில் 137 பில்லியன் யூரோ நிதிக்கு வழி திறந்துவிட்டது, மே மாதம் போலந்தின் மீதான ஒழுங்கு நடவடிக்கையையும் கைவிட்டது. ஒரு சட்டம்கூட மாறாத நிலையில், வாக்குறுதிகளை நம்பிச் செய்யப்பட்டது இது.

சட்டம் மாறாததற்குக் காரணம் எளிய கணக்கு. குடியரசுத் தலைவரின் தடுப்பதிகாரத்தை மீறச் செய்மில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது அனைவரும் வாக்களித்தால் 276 வாக்குகள் வேண்டும். கூட்டணியிடம் அவை இல்லை. டூடாவின் பதவிக்காலமோ 2025 ஆகஸ்ட் வரை நீடித்தது. நீதித்துறை மன்றத்தைச் சீரமைக்கும் சட்டம் அவரிடம் போனபோது, அது அரசமைப்புக்கு ஏற்றதா என்று ஆராயுமாறு தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவிட்டார். மாற்றாள்கள் அமர்ந்திருக்கும் அதே தீர்ப்பாயத்துக்கு.

எனவே புதிய அரசு சட்டத்தின் ஓரங்களில் நடந்தது. 2023 டிசம்பர் 19 அன்று பண்பாட்டு அமைச்சர் பார்ட்வொமே சியன்கீவிச், பொதுத் தொலைக்காட்சியின் நிர்வாகக் குழுக்களை வணிக நிறுவனச் சட்டத்தைப் பயன்படுத்திக் கலைத்தார். மறுநாள் அதன் செய்தி அலைவரிசை திரையிலிருந்து மறைந்தது. டூடா நிதியைத் தடுத்ததும், அமைச்சர் நிறுவனத்தையே கலைப்பு நடவடிக்கைக்கு உட்படுத்தினார். பிரசார எந்திரம் நின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த ஏற்பாட்டை ஓர் அமைச்சர் பங்குதாரர் என்ற முறையில் புரட்டிப்போடலாமா என்ற கேள்வியை, முந்தைய ஆட்சியை எட்டாண்டுகள் எதிர்த்த சட்ட அறிஞர்களிலும் சிலர் எழுப்பினார்கள்.

2024 ஜனவரியில் நிலைமை வினோதத்தின் எல்லையைத் தொட்டது. அதிகார முறைகேட்டு வழக்கில் தண்டனை பெற்ற முன்னாள் அமைச்சர் மரியூஷ் கமின்ஸ்கியும் அவருடைய துணையமைச்சராக இருந்தவரும் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் விருந்தினராக இருந்தபோது காவல்துறையால் கைது செய்யப்பட்டார்கள். டூடா 2015இலேயே, மேல்முறையீடு முடியும் முன்பே, அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியிருந்தார். அம்மன்னிப்பு செல்லாதென்று ஒரு நீதிமன்றமும், செல்லும் என்று முந்தைய ஆளுங்கட்சியின் தீர்ப்பாயமும் கூறியிருந்தன. அவர்களுடைய நாடாளுமன்றப் பதவி பறிபோனதா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் இரண்டு பிரிவுகள் ஒன்றுக்கொன்று எதிரான விடைகளைத் தந்தன. ஒரே நாட்டில் இரண்டு சட்ட ஒழுங்குகள் அருகருகே இயங்கின. எதை ஏற்பது என்பதை அவரவர் கட்சிச்சார்பு தீர்மானித்தது.

மார்ச் 6 அன்று செய்ம், அரசமைப்புத் தீர்ப்பாயம் முறையாக அமையவில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குப்பின் அதன் தீர்ப்புகளை அரசு அரசிதழில் வெளியிடவில்லை. 2016இல் ஷிட்வோ செய்ததும் இதுதான். இரண்டையும் ஒன்றென்று தள்ளிவிட முடியாது: அன்று வெளியிட மறுக்கப்பட்டது முறையான தீர்ப்பாயத்தின் தீர்ப்பு, இன்று மறுக்கப்படுவது முறைகேடாக அமர்த்தப்பட்டவர்களைக் கொண்ட அமைப்பின் தீர்ப்பு. ஐரோப்பிய நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இந்த வேறுபாட்டுக்கு ஆதாரமாக உள்ளன. ஆயினும் எந்தத் தீர்ப்பு தீர்ப்பாகும் என்பதை இரு காலத்திலும் முடிவுசெய்வது பிரதமர்தான். 2024 செப்டம்பரில் டஸ்க் இதை மறைக்கவில்லை. சட்ட வல்லுநர் சிலரின் பார்வையில் முழுமையாகச் சட்டத்துக்குட்படாத செயல்களும் தம் அரசிடமிருந்து வரக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, போராடும் மக்களாட்சி என்ற கருத்தைத் துணைக்கழைத்தார். நாஜிகளிடமிருந்து தப்பிய ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் லூவன்ஸ்டைன் 1937இல் முன்வைத்த கருத்து அது: தன்னை அழிக்க முனைவோரிடம் மக்களாட்சி தன் வழக்கமான தாராளத்தைக் காட்ட வேண்டியதில்லை. ஆட்சிக்கு வரத் துடித்த பாசிசக் கட்சிகளை மனத்தில் கொண்டு அவர் எழுதியதை, ஆட்சியிலிருந்து இறங்கிய கட்சியின் எச்சங்களுக்கு எதிராக நீட்டிப்பது சரியா என்பதில் போலந்துச் சட்டத்துறை இரண்டுபட்டுக் கிடக்கிறது.

தேர்தலைச் செல்லுபடியாக்கிய பிரிவு

கூட்டணியின் நம்பிக்கை முழுவதும் 2025இன் குடியரசுத் தலைவர் தேர்தலில் இருந்தது. ஜூன் 1 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் வார்சா மேயர் ரஃபாவ் ட்ஷாஸ்கோவ்ஸ்கி 49.11 விழுக்காடு பெற்றுத் தோற்றார். சட்டமும் நீதியும் கட்சியின் ஆதரவு பெற்ற வரலாற்றாய்வாளர் கரோல் நவ்ரோட்ஸ்கி 50.89 விழுக்காடு பெற்று வென்றார். அந்த முடிவைச் செல்லுபடியாக்க வேண்டியது சிறப்பு மறுஆய்வுப் பிரிவு. சட்டப்படி அமைந்த நீதிமன்றம் அன்று என்று ஐரோப்பிய நீதிமன்றங்கள் கூறிய, அதனாலேயே அரசும் ஏற்க மறுத்துவந்த அதே பிரிவு. அதன் முடிவை ஏற்காமல் பதவியேற்பைத் தள்ளிவைக்கலாம் என்று டஸ்க்கின் முகாமில் சிலர் யோசனை சொன்னார்கள். ஆனால் 2023இல் டஸ்க்கை ஆட்சிக்குக் கொண்டுவந்த தேர்தலைச் செல்லுபடியாக்கியதும் அப்பிரிவுதான். தனக்குச் சாதகமான தீர்ப்பை எழுதியபோது நீதிமன்றமாகவும், பாதகமானதை எழுதும்போது வெறும் கூட்டமாகவும் அதைக் கருத முடியாது. செய்மின் அவைத்தலைவர் ஷிமோன் ஹொவோவ்னியா அந்த யோசனைக்கு இணங்கவில்லை. ஆகஸ்ட் 6 அன்று நவ்ரோட்ஸ்கி பதவியேற்றார். அந்தக் கோடையில் போலந்து மக்களாட்சிக்குச் செய்யப்பட்ட பெரிய சேவை, தோற்ற தரப்பைச் சேர்ந்த ஒருவரின் இந்த மறுப்பே என்று கருத இடமிருக்கிறது.

அதே வேளையில், தோற்கடிக்கப்பட்ட கட்சியின் மொழி ஆட்சியிலிருப்போரின் நாவில் ஏறியது. பெலாரஸ் எல்லை வழியாக வருவோர் புகலிடம் கோரும் உரிமையை நிறுத்திவைக்க வழிசெய்யும் சட்டம் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. கொண்டுவந்தது டஸ்க்கின் அரசு. பெலாரஸ் அரசே ஏதிலிகளை எல்லைக்கு அனுப்பிவைக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் எதிரியின் நிகழ்ச்சி நிரலை ஓரளவு ஏற்றுக்கொண்டால் அவனுடைய வாக்குகள் தம்மிடம் வரும் என்ற கணக்கு மே 18இன் முதல் சுற்றில் பொய்த்தது. சட்டமும் நீதியும் கட்சிக்கும் வலப்புறத்தில் நிற்கும் இரண்டு வேட்பாளர்கள் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வாக்குகளை அள்ளினார்கள்.

தேர்தல் தோல்விக்குப் பின் நீதியமைச்சர் ஆடம் போட்னர் மாற்றப்பட்டார். முன்னாள் மனித உரிமை ஆணையரான அவர், புதிய நீதிபதிகளை ஒட்டுமொத்தமாக விலக்காமல் வகைப்படுத்தி அணுக முயன்றவர். முதல்முறையாக நியமனம் பெற்ற இளையவர்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை, அவர்களைத் தண்டிப்பது நியாயமன்று. அரசியல் துணையோடு உயர்ந்த இடங்களுக்குத் தாவியவர்கள் பழைய பதவிக்குத் திரும்ப வேண்டும் என்பது அவ்வணுகுமுறையின் சாரம். நெறிமுறைக்கு ஏற்றதாயினும் அது மந்தமானது என்று கூட்டணியின் ஆதரவாளர்கள் பொறுமையிழந்தார்கள். அவருக்குப்பின் வந்த வால்டமர் ஜூரெக், முந்தைய ஆட்சியில் ஒழுங்கு நடவடிக்கைகளுக்கு ஆளான நீதிபதி. வேகமாகவும் கடுமையாகவும் செயல்படுவார் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். கையெழுத்திட வேண்டிய குடியரசுத் தலைவர் நவ்ரோட்ஸ்கி என்பதால், சட்டம் தேவைப்படும் எதையும் அவரால் செய்துமுடிக்க இயலாது. சட்டம் தேவைப்படாதவற்றை, அதாவது அமைச்சரின் ஆணையால் ஆகக்கூடியவற்றை மட்டுமே செய்யலாம்.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2027 இலையுதிர் காலத்தில் வர வேண்டும். அதில் காச்சின்ஸ்கியின் கட்சியோ, அதனினும் கடுமையான வலதுசாரிகளோ, இருவரும் சேர்ந்தோ வென்றால், பொதுத் தொலைக்காட்சியின் நிர்வாகத்தை அமைச்சரின் ஆணையால் கலைப்பதற்கும், தீர்ப்பாயத்தைச் செய்மின் தீர்மானத்தால் ஒதுக்கிவைப்பதற்கும், பிடிக்காத தீர்ப்பை அரசிதழுக்கு அனுப்பாமல் இருப்பதற்கும் அவர்கள் புதிதாக எந்த வழியையும் கண்டுபிடிக்க வேண்டியிராது. முதலில் அதைச் செய்தவர் ஷிட்வோவா, டஸ்க்கா என்ற விவாதம் அப்போது சட்டக்கல்லூரி வகுப்புகளில் நடந்துகொண்டிருக்கும்.